இருபத்தொரு கிலோமீற்றரும் ஓர் ஆணியும்

"நான் ஓடப் போறன்," என்று அச்சிமுகம்மது பகல் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு அறிவித்தார்.

சுஹறா மீன்கறிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். வாசலில் ஒரு கோழியைத் தவிர யாரும் இல்லை.

"ஆரு துரத்துறாங்க?"

"ஒருத்தரும் துரத்தல்ல புள்ள. போட்டி. அரை மரதன். மருதமுனையில தொடங்கி அட்டாளைச்சேனையில முடியிது. இருபத்தொரு கிலோமீற்றர்."

"அட்டாளைச்சேனைக்குப் பஸ் போகுதே."

"பஸ்ஸில போனா மெடல் தருவாங்களா?"

"ஓடிப் போனா நாலு பேர் தூக்கிக்கிட்டுத்தான் வருவாங்க."

சுஹறாவைக் குறை சொல்ல முடியாது. நிந்தவூரில் வளர்ந்த மனிதர்கள் ஓடுவதை அவள் இரண்டே காரணத்துக்காகத்தான் கண்டிருக்கிறாள். ஒன்று, வெடிச் சத்தம் கேட்ட நாட்களில். மற்றது, கடல் ஊருக்குள் வந்த அன்று. பின்னால் ஒன்றும் வராமல் ஒரு மனிதன் தன் பாட்டில் ஓடுவது, யுத்தம் முடிந்த பிறகு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த புதுப் பழக்கம்.

அதிலும் அச்சிமுகம்மது. வயது நாற்பத்தெட்டு. சந்தியில் ஹாட்வெயார் கடை. காலையில் கதிரையில் இருந்தால் சீமெந்து கேட்டாலும் கம்பி கேட்டாலும் விரலைத்தான் நீட்டுவார். மற்ற உறுப்புகளுக்கு ஓய்வு. கடல் வந்துபோன பிறகு ஊரெல்லாம் வீடு கட்டியதில் வியாபாரம் பெருத்தது. கூடவே அவரும் பெருத்தார். சாரன் கட்டும் இடம் வருஷத்துக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

"ஏன் இப்ப திடீரெண்டு ஓட்டம்?"

"டொக்டர் சீனி கூடியிரிக்கெண்டு சொன்னாரு."

"அவர் நடக்கத்தானே சொன்னாரு?"

"ஆம்புளையெண்டா சொன்னதுக்கு மேல செய்யணும்."

"எப்ப போட்டி?"

"மார்ச் இருவது. சனிக்கிழம."

சுஹறாவின் அகப்பை ஒரு கணம் சட்டிக்குள் நின்றது. பிறகு அவள் நடுத்துண்டு மீனாகப் பார்த்து எடுத்து அவர் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய மனிதன் அந்த நடுத்துண்டைக் கண்டபோதே யோசித்திருக்க வேண்டும். அச்சிமுகம்மது யோசிக்கவில்லை. முள்ளைத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டார்.

அவர் மனதில் இருந்தது சீனியும் இல்லை, மெடலும் இல்லை. வீடு.

இந்தக் கரையில் வீடு என்பது பெண்ணுக்குரியது. மகள் பிறந்தால் வாப்பா அவளுக்கு வீடு கட்ட வளவில் கல் பறித்துப் போடத் தொடங்குவார். மாப்பிள்ளை என்பவன் நாலு சாரனை ஒரு பெட்டியில் மடித்துவைத்துக்கொண்டு உம்மாவின் வீட்டிலிருந்து பெண்டாட்டியின் வீட்டுக்குக் குடிபோகிறவன். முஸ்லிம் ஊரானாலும் தமிழ் ஊரானாலும் இதில் பேதம் கிடையாது.

சின்ன வயதில் அச்சிமுகம்மது ஒருநாள் சுத்தியலைத் தூக்கியபோது உம்மா சொன்னா: "ஆணி வேணாம் மகன். சுவர் பழுதாப் போயிரும்." அந்த வீடு அவருக்கு மூத்தவளான ராத்தாவுக்குப் போனது. ராத்தாவும் அதையே சொன்னா. கலியாணம் முடித்த மூன்றாம் நாள் சட்டை கொழுவ ஓர் ஆணி அடிக்கப் போனார். புதுப்பெண் சுஹறா வெட்கத்தோடு அவரிடம் சொன்ன முதல் முழு வசனம்: "ஆணி வேணாங்க. சுவர் பழுதாப் போயிரும்." ஊருக்கெல்லாம் கிலோக் கணக்கில் ஆணி விற்ற மனிதருக்குத் தனக்கென்று ஓர் ஆணி அடிக்கச் சுவர் இருக்கவில்லை.

பிறகு கடல் வந்தது. சுஹறாவின் வாப்பா பதினொரு வருஷமாகக் கல் கல்லாகக் கட்டிய வீட்டைப் பத்து நிமிஷத்தில் கொண்டுபோனது. அன்று காலையில் இவர்கள் மூன்று பேரும் வயல் பக்கத்தில் ஒரு கலியாண வீட்டில் இருந்தது அல்லாஹ்வின் கிருபை. வெறும் அத்திவாரத்தில் குந்தியிருந்து சுஹறா அழுத அழுகையை நினைத்தால் அச்சிமுகம்மதுக்கு இன்றைக்கும் நெஞ்சடைக்கும். அதில் பொய் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து வயலோரத்தில் சுனாமித் திட்டத்து வீடு ஒன்று கிடைத்தது. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கோடு போட்டிருந்தது. அந்தப் படிவத்தை அச்சடித்தவர்களுக்கு இந்தக் கரையின் நடைமுறை தெரியாது. "தலைவர் ஆரு?" என்று கேட்டபோது அப்போது குடியிருந்த தகரக் கொட்டில் வாசலில் நின்ற சுஹறாதான், "போங்க, போய்ப் பேரச் சொல்லுங்க," என்று அவரை முன்னால் தள்ளிவிட்டாள். அவர் போய்ப் பேரைச் சொன்னார். வீடு அவர் பேரில் வந்துவிட்டது.

குடிபுகுந்த அன்று அச்சிமுகம்மது பதினேழு ஆணி அடித்தார். மணிக்கூடு, கலண்டர், குடை, தொப்பி, திறப்புக் கோர்வை, கண்ணாடி. மிச்சப் பதினொன்றிலும் கொழுவ ஒன்றும் இருக்கவில்லை. இருக்கட்டும், அழகுதானே என்று விட்டார். வாசல் படலையில் 'அச்சிமுகம்மது இல்லம்' என்று பலகை எழுதி நாலு திருகாணி போட்டு இறுக்கினார். கடைக்குப் போகும்போது ஒரு தரமும் வரும்போது ஒரு தரமும் அதை வாசிப்பார்.

சுஹறா மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"நதீராக்கு இருவது வயசாகுது. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வந்தா முதல் கேள்வியே ஊடு ஆருட பேர்லயெண்டுதான். என்ட பேருக்கு மாத்தித் தாங்க. நாளைக்கு நான் அவளுக்குக் குடுக்கணும்."

"பார்ப்பம்."

"எப்ப பாக்கிற?"

"இன்ஷா அல்லாஹ்."

நல்ல வார்த்தையைச் சாக்குக்குப் பாவித்ததை அல்லாஹ்தான் மன்னிக்க வேண்டும். மகளுக்குக் கொடுக்க மாட்டேன் என்பதல்ல அவர் எண்ணம். கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் இன்னும் கொஞ்சக் காலம் அந்தப் பலகையை வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

இந்த நேரத்தில்தான் அறிவித்தல் வந்தது. சுனாமி வீடுகளுக்கு உறுதிப் பத்திரம் அச்சடிக்கப் போகிறார்கள். அதற்கு முன் பேர் மாற்ற விரும்புகிறவர்களுக்கு நிந்தவூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அரச உத்தியோகத்தர்கள் ஊருக்கே வந்து நடத்தும் நடமாடும் சேவை. மார்ச் இருபது, சனிக்கிழமை, காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை. வீட்டுக்குரியவர் அடையாள அட்டையோடு நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஒரே நாள்தான். உறுதி அச்சாகிவிட்டால் பிறகு மாற்ற வருஷக் கணக்காக அலைய வேண்டும். சுஹறா அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து வெற்று ஆணி ஒன்றில் குத்திவிட்டாள்.

அச்சிமுகம்மதுக்குச் சோறு இறங்கவில்லை. முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்ல அவருக்குத் தைரியம் போதாது. மூன்றாம் நாள் கடைச் சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன மரதன் அறிவித்தலைப் பார்த்தார். அதே மார்ச் இருபது. காலை ஏழு மணிக்கு ஓட்டம். அட்டாளைச்சேனையில் பரிசளிப்பு. பரிசளிப்பு என்றால் மேடை. மேடை என்றால் பேச்சு. பேச்சு என்றால் லுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை முடியாது. பன்னிரண்டு மணி தாராளமாகத் தாண்டிவிடும்.

பெண்டாட்டியிடம் 'மாட்டேன்' என்று சொல்வதைவிட இருபத்தொரு கிலோமீற்றர் ஓடுவது லேசு என்று அச்சிமுகம்மது முடிவு செய்தார்.

*

ஓடப் பழக்குவதற்கு அவர் பிடித்த ஆள் காரைதீவு அழகரெத்தினம். சைக்கிள் கடைக்காரர். படிக்கிற காலத்தில் ஓட்டத்தில் பெயரெடுத்தவர். இருவரும் முப்பது வருஷச் சிநேகிதம்.

"எதுக்கடா இந்த வயசில ஓட்டம்?"

அச்சிமுகம்மது அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். அழகரெத்தினம் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது.

"ஆருட்டயும் சொல்லிராத மச்சான்."

"சீச்சீ, நான் ஆருட்டச் சொல்லப் போறன்?" குறட்டை எடுத்தவர் கொஞ்சம் நிதானித்தார். "உண்மையா உன்ட பேர்லயா ஊடு?"

"ஓம்."

"கேட்டுப்பாராம ஆணியெல்லாம் அடிப்பியா?"

"பதினேழு."

அழகரெத்தினம் ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு நட்டைக் கனநேரம் இறுக்கிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் ஓட்டம் முந்நூறு மீற்றர். அதற்குள் ஊரே கலங்கிவிட்டது. சுபஹ் தொழுதுவிட்டு அச்சிமுகம்மது கடற்கரைப் பக்கமிருந்து வயல் பக்கமாக ஓடினார். கடல் திசையிலிருந்து ஒரு பருத்த மனிதர் மூச்சிரைக்க ஓடி வருவதைக் கண்டால் இந்த ஊர்ச் சனம் என்ன நினைக்கும்? ஒரு வளவு முழுக்கப் பிள்ளைகளையும் ஆவணப் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தது. சத்தம் கேட்டு அச்சிமுகம்மது திரும்பிப் பார்த்தார். இத்தனை பேர் ஓடி வருகிறார்களே, கடல்தான் வந்துவிட்டது என்று அவரும் பயந்து இன்னும் வேகமாக ஓடினார். அவர் வேகத்தைக் கண்டு சனம் இன்னும் பயந்தது. வாய்க்கால் மதகில் அவர் விழுந்த பிறகுதான் விஷயம் வெளித்தது.

அன்று லுஹருக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: "ஹாட்வெயார் அச்சிமுகம்மது அவர்கள் தினமும் காலையில் ஓடுவது தேகாரோக்கியத்துக்காக. அவருக்குப் பின்னால் எதுவும் வரவில்லை. பொதுமக்கள் பயப்பட வேண்டாம்."

அடுத்த பிரச்சினை உடுப்பு. கடையில் வாங்கிய கட்டைக் களிசானைச் சுஹறா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இதப் போட்டுக்கிட்டா ஊருக்குள்ளால போகப் போறீங்க? மகளுக்கு மாப்பிள்ள வாறது வேணாமா?"

"எல்லாரும் இதுதான் புள்ள போடுற."

"எல்லாருக்கும் இந்தத் தொடையா இரிக்கி?"

மூன்றே நாளில் முழங்காலுக்குக் கீழே இறங்கும் களிசான் ஒன்றை அவளே தைத்துக் கொடுத்தாள். இடுப்புப் பக்கம் பொத்தான் போட்ட ஒரு சின்னப் பொக்கட்.

"இது எதுக்கு?"

"ஐடென்டி வைக்கத்தான். எங்கயாவது விழுந்தா ஆரெண்டு தெரிய வேணாமா?"

அது நியாயம். அடையாள அட்டை இல்லாமல் வாசல் தாண்டுகிற பழக்கம் இந்தக் கரையில் யாருக்கும் இல்லை. அச்சிமுகம்மதின் வாலிபம் பாதி சோதனைச் சாவடிகளில்தான் கழிந்தது. இறங்கு, காட்டு, கையெழுத்து வை, போ. ஏன் என்று கேட்கக் கூடாது, எதில் என்று வாசிக்கக் கூடாது. யுத்தம் முடிந்து பாலத்தடிச் சாவடியைக் கழற்றிக்கொண்டு போய் ஆறு மாதமாகியும் அவர் அந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். போன வருஷம் ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு மேசையும் புத்தகமும் பேனையும் கண்டார். தன்னையறியாமல் நின்றார், அட்டையை நீட்டினார், காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். "விருப்பம்தானே?" என்றார்கள். "ஓம் சேர்," என்றார். அடுத்த நிமிஷம் கட்டிலில் கிடத்தி ஒரு பை இரத்தம் எடுத்துவிட்டார்கள்.

அதைச் சொன்ன நாளிலிருந்து ஒரு கிழமை சுஹறா சிரித்தாள். "மேசயக் கண்டா உங்களுக்குக் கை சும்மா இரிக்காதே," என்பாள்.

அந்தச் சுஹறா இப்போது வேறு ஆளாகிவிட்டாள். பாங்குக்கு முன்னால் எழும்பிக் குரக்கன் கூழ் காய்ச்சினாள். சோற்றைப் பாதியாக்கினாள். மாரி மழையில் அவர் போர்வைக்குள் சுருண்டபோது, "ஒழும்புங்க, மெடல் நனஞ்சா போகும்?" என்று இழுத்து எழுப்பினாள். காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். திரும்பி வந்ததும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"இண்டைக்கு எத்தின?"

"அஞ்சு."

"காணாது. இன்னும் கூட்டுங்க."

ஒரு மாதத்தில் எட்டு. இரண்டு மாதத்தில் பத்து. சாரன் பழைய இடத்துக்கு ஏறியது. கண்ணாடியில் தன் கழுத்தை அச்சிமுகம்மது பல வருஷத்துக்குப் பிறகு கண்டார். கடைக்கு வருகிறவர்களுக்கு ஆணி நிறுத்துக்கொண்டே மூச்சு விடும் முறை பற்றி விளக்கம் சொன்னார். பெப்ரவரி கடைசியில் ஒருநாள் பதின்மூன்று கிலோமீற்றர் ஓடிவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றார்.

"பதின்மூண்டா?" சுஹறாவின் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ். அது எனக்குக் காணும்."

"என்ன புள்ள காணும்? இன்னும் எட்டு இரிக்கே!"

"அது உங்கட விருப்பம்."

இவ்வளவு பாடுபடுகிறாளே என்று அவருக்கு மனம் உறுத்தியது. உறுத்தலைப் போக்க ஒருநாள் தானாகவே பேச்செடுத்தார்.

"ச்சே, அந்த நடமாடும் சேவையும் இருவதாந் திகதிதானே வருது? இப்பதான் பாத்தன். என்ன செய்யிற சுஹறா? பேர் குடுத்திட்டன், விலக ஏலா."

"பரவால்ல. போட்டிதான் முக்கியம். நீங்க ஓடுங்க."

அன்றைக்கு அவர் நிம்மதியாக உறங்கினார். பெண்கள் மனம் எவ்வளவு விசாலம் என்று வியந்துகொண்டே உறங்கினார்.

*

போட்டியன்று மருதமுனையில் நூற்றைம்பது பேர் நின்றார்கள். விசில் ஊதியதும் பொடியன்கள் பறந்தார்கள். அச்சிமுகம்மது பறக்கவில்லை. அவருக்கு அவசரமில்லை, முந்திப்போய்ச் சேர்ந்தால்தான் ஆபத்து.

கல்முனையில் ஒரு மேசை. நெஞ்சிலிருந்த இலக்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். காரைதீவில் இன்னொரு மேசை. அங்கேயும் குறித்தார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள். நல்ல ஒழுங்கு என்று அவர் மெச்சினார். வலப்பக்கம் வயல், இடப்பக்கம் தென்னை, நடுவில் தான். ஒரு சாவடி இல்லை, ஒரு மணல் மூட்டை இல்லை. இந்த வீதியில் இறங்காமல், தலை குனியாமல் ஓட முடிந்த சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியது. வியர்வை என்று துடைத்துக்கொண்டார்.

நிந்தவூர் வந்தது. சொந்த ஊர். படலைகளில் பெண்கள், கடை வாசல்களில் ஆண்கள். "விடாதீங்க அச்சிமுகம்மது காக்கா!" "அல்லாஹ்ட காவல்!" நதீரா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் கூடவே நாலடி ஓடி வந்தாள். "வாப்பா, நல்லா ஓடுறீங்க வாப்பா!" சுஹறாவைக் காணவில்லை. பாவம், பள்ளிக்கூடத்துக்குள் கணவன் இல்லாமல் வரிசையில் நிற்பாள் போல என்று நினைத்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கால் நிற்கவில்லை.

பதின்மூன்றாவது கிலோமீற்றர். பள்ளிக்கூடத்துக்குப் போகும் சின்ன ஒழுங்கை பெருவீதியில் ஏறும் முடக்கில் குடை விரித்து ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் உத்தியோகத்தர். முன்னால் ஒரு புத்தகம், ஒரு பேனை. தொண்டர் தொப்பி போட்ட அழகரெத்தினம் நடுவீதியில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"அச்சி! இஞ்ச, இஞ்ச! ஐடென்டிய எடு! சுணங்காத!"

மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே அச்சிமுகம்மதின் கால் நின்றுவிட்டது. கை தானாகப் பொத்தானைக் கழற்றியது. அட்டை தானாக வெளியே வந்தது.

உத்தியோகத்தர் அட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"அச்சிமுகம்மது?"

"ஓம் சேர்."

"சொந்த விருப்பத்தோடதானே?"

"ஓம் சேர்."

"ஒருத்தரும் வற்புறுத்தல்லயே?"

ஓட்டக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் என்று அவருக்குப் பட்டது. "இல்ல சேர். நானாத்தான் சேர்."

"இதில ஒண்டு. இதில ஒண்டு. இதிலயும்."

மூன்று கையெழுத்து. பெரிய போட்டியென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் வந்த ஒரு பொடியன் மேசையைத் திரும்பியும் பாராமல் ஓடிப்போனான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்கு தெரியாது, இவனைக் கட்டாயம் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று அச்சிமுகம்மது அவனுக்காக இரக்கப்பட்டார். அழகரெத்தினம் அவர் தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இனி ஓடு மச்சான். இனி எங்கயும் ஓடு."

ஓடினார். கடைசி எட்டுக் கிலோமீற்றரில் ஓட்டமும் நடையும் கலந்திருந்தது என்று சொல்வதுதான் உண்மை. ஆனாலும் அட்டாளைச்சேனைக் கோட்டைத் தன் காலால்தான் தாண்டினார். நூற்று நாற்பத்து மூன்றாவது இடம். கழுத்தில் மெடல் விழுந்தது. மேடையில் பேச்சுத் தொடங்கியது. அவர் நினைத்தபடியே ஒருவர் விட்டால் மற்றவர் பிடித்தார். ஏழாவது பேச்சாளர் தொண்டையைச் செருமியபோது பாங்கு சொன்னது. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அச்சிமுகம்மது மெடலைத் தடவிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் பேச்சில் ஏதோ பகிடி வந்ததாக நினைத்துத் தானும் சிரித்தார்.

*

பஸ்ஸில் வந்து இறங்கி, கால் இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துப் படலைக்கு வந்தவர் வழக்கம்போலப் பலகையை வாசிக்கத் தலையை உயர்த்தினார். பலகை இல்லை. நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது. காற்றுக்கு விழுந்திருக்கும் என்று உள்ளே போனார்.

நெய்ச்சோறு, கோழிக்கறி. சுஹறா விசிறியோடு பக்கத்தில் இருந்தாள். அச்சிமுகம்மது இரண்டு பிடி சாப்பிட்டுவிட்டு, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டார்.

"பாரன், இண்டைக்குத்தானே அந்த நடமாடும் சேவ. உனக்கு உதவ ஏலாமப் போச்சு."

"ஏன்? நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்களே."

"எங்க?"

"ஒழுங்கை முடக்கில. மூணு இடத்தில."

பிடித்த சோறு கையிலேயே நின்றது.

"அது... அது ஓட்டத்துக்கு..."

"ஓட்டக்காரங்க நூத்தம்பது பேர் அதால போனாங்க. நீங்க ஒராள்தான் நிண்டீங்க."

"பள்ளிக்கூடத்துக்குள்ள இருந்த மேச எப்படி ரோட்டுக்கு வந்த?"

"நான்தான் கேட்டன். 'சேர், என்ட மனிசன் ஓட்டத்தில வாறாரு, நிண்டு உள்ளுக்கு வர மாட்டாரு. நடமாடும் சேவதானே, முடக்கு வரைக்கும் நடமாடுங்களன்' எண்டன். நல்ல மனிசன். சிரிச்சிப்போட்டுப் புத்தகத்தையும் தூக்கிக்கிட்டு வந்தாரு."

"அழகரெத்தினம்?"

"அவர்தான் மேசயத் தூக்கின. நீங்க அவருட்ட உள்ளதச் சொன்ன அடுத்த நாளே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. இருவத்தஞ்சு வருஷமாப் பொண்டாட்டிட ஊட்டில இரிக்காராம். நீங்க மட்டும் தப்பிறது நியாயமில்லையாம்."

"அப்ப, மூணு மாசமாக் கூழ் காய்ச்சித் தந்த?"

"பதின்மூண்டு கிலோமீற்றர் வந்து சேர வேணாமா? வழியில விழுந்திட்டா ஆரு கையெழுத்துப் போடுற?"

சுஹறா விசிறியைக் கீழே வைத்தாள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

"என்ட வாப்பா பதினொரு வருஷமாக் கட்டின ஊடுங்க. அத ஒரு காலையில கடல் கொண்டுபோச்சு. இதையும் உங்கட ஒரு 'பார்ப்பம்'ல விட்டுட்டு இரிக்க என்னால ஏலா."

அவர் சோற்றைப் பிசைந்தார். கோபம் வரும் என்று கொஞ்சம் காத்துப் பார்த்தார். வரவில்லை. அத்திவாரத்தில் குந்தியிருந்த சுஹறாதான் நினைவுக்கு வந்தாள். வெட்கமாகவும் இருந்தது. கூடவே, கூழ் நல்ல கூழ்தான் என்றும் இருந்தது.

எது போனாலும் மெடல் மெடல்தான். கையைக் கழுவிக்கொண்டு எழும்பி, கழுத்திலிருந்து அதைக் கழற்றினார். கதவுக்கு நேரே உள்ள சுவரைப் பார்த்தார். சுவர் மொட்டையாக இருந்தது. பதினேழு ஆணியையும் காணவில்லை. ஓட்டைகளுக்குப் புட்டி பூசி மட்டம் செய்திருந்தது. அவருடைய கடைப் புட்டிதான். மணிக்கூடும் கலண்டரும் குடையும் தொப்பியும் மேசையில் குவிந்து கிடந்தன.

அச்சிமுகம்மது மேசை லாச்சியிலிருந்து ஒன்றரை அங்குல ஆணி ஒன்றையும் சுத்தியலையும் எடுத்தார். ஆணியைச் சுவரில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை பாதியில் நின்றது.

"சுஹறா," என்றார் மெல்ல. "இதில ஒரேயொரு ஆணி அடிக்கட்டா?"

"என்னட்ட ஏன் கேக்கிறீங்க? ஊட்டுக்காரியிட்டக் கேளுங்க."

"நீதானே ஊட்டுக்காரி?"

"நானா? என்ட பேருக்கு எழுதி, மறுகா அவட பேருக்கு எழுதி, எதுக்கு ரெண்டு வேல? நேரா மகள்ட பேருக்கே எழுதச் சொல்லிட்டன்."

குசினிக்குள்ளிருந்து நதீரா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மெடலைப் பார்த்தாள். வாப்பாவின் கையிலிருந்த ஆணியைப் பார்த்தாள். புட்டி பூசிய சுவரை அன்போடு ஒரு தரம் தடவினாள்.

"ஆணி வேணாம் வாப்பா," என்றாள். "சுவர் பழுதாப் போயிரும்."